நிறுத்தாமல் மாற்றுவது

ஏனுங்க, மைக்குல சொன்னத நம்பியா ஏறி உக்காந்தீங்க? பயப்படாதீங்க, இந்த பஸ் போகும், நான் டிரைவரையே கேட்டுட்டேன். இந்த ஊரு மைக்கு வேற கம்பெனிக்காரன் போட்டது, அரைவேக்காடு. எங்க மைக்கா இருந்தா நீங்க கண்ண மூடிட்டு ஏறலாம். எந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல இருக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க. அங்கத்த சனத்துக்கு என்மேல கொஞ்சம் வருத்தம்.

பைய மடில வெச்சுக்கறேன், நீங்க தாராளமா உக்காருங்க. கல்யாணத்துக்குப் போறேனுங்க. என் பேரு மருதாசலம். கோயமுத்தூருல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில ஆர்க்கிடெக்ட். ஊடு கட்டறவன் இல்லீங்க, சாஃப்ட்வேர் எப்புடி இருக்கணும்னு சொல்றவன். என் மச்சானுக்கு இன்னும் அது வெளங்கல. போன மாசங்கூட, மாடிக்கு ஒரு பிளான் போட்டுக் குடுங்க மாமான்னு வந்து நிக்கறான்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளப் புள்ளையோட குரலு பேசுமில்லீங்க, இந்த பஸ் இந்த நடைமேடைல, பயணிகள் கவனத்திற்குன்னு? அது எப்பப் பேசணும், என்ன பேசணும்னு சொல்றது என் சாஃப்ட்வேரு. நடுவுல விளம்பரம் வரும். ஜவுளிக்கடை, பல்லு டாக்டரு, மூலத்துக்கு லேகியம். அந்த லேகியக்காரன்தானுங்க எங்க மொதலாளிக்குப் பெரிய கிராக்கி. ஒரு நிமிசம் மைக்கு நின்னாலும் போன் போட்டு, என்ன என்ன, தூங்கிட்டீங்களாம்பான். அதனால மிசினு நிக்கவே கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு.

நிக்காம எப்புடிங்க? நாளைக்கு ஒரு பஸ்ஸு புதுசா வரும், ஒண்ணு நின்னு போகும். பொங்கல் வரும், தீவாளி வரும். ஒவ்வொண்ணுக்கும் சாஃப்ட்வேர மாத்தணுமே. மத்தவனா இருந்தா நிறுத்திட்டு மாத்துவான். நான் நிறுத்தாம மாத்தறவன். ஏனுங்க, அடுப்புல இட்லிக் குண்டான் கொதிச்சுட்டே இருக்குது, அடுப்ப அணைச்சா தட்டு மாத்தறோம்? வெந்தத எடுத்துட்டு அடுத்த தட்ட எறக்கறோமில்ல? அதேதான். பெரிய சாஃப்ட்வேரு ஒண்ணு ஓடிட்டே இருக்கும். அதுக்குள்ள சின்னச் சின்னத் துண்டா சொருகுவேன். மாட்யூலும்பாங்க. வேணுங்கறப்ப சொருகறது, வேண்டாங்கறப்ப உருவறது. ஓடறதுக்கு ஒண்ணுந் தெரியாது. இந்த வித்தைய இந்தப் பக்கத்துல நெம்பப் பேரு செய்ய மாட்டாங்க. செஞ்சாலும் என்னையாட்டச் செய்ய மாட்டாங்க.

தைப்பூசத்துக்கு எங்கூருப் பக்கத்து மலைக்கு ஸ்பெஷல் பஸ் உடுவாங்க. எங்கூரு அந்த மலையடிவாரந்தான். அந்த ஸ்பெஷலுக்குன்னு ஒரு துண்டு எழுதிச் சொருகுனேன். "நாலாவது நடைமேடையிலிருந்து மலைக்கோயில் செல்லும் சிறப்புப் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்." கால் மணிக்கு ஒருக்கா சொல்லும். அந்த நேரம் பாத்துக் கூப்புடறதுக்கு உள்ள ஒரு கடியாரத் துண்டு இருக்குதுங்க. ஒவ்வொரு துண்டும் உள்ள போறப்பவே கடியாரத்துகிட்ட, இன்ன நேரத்துக்கு என்னையக் கூப்புடுன்னு சொல்லி வெச்சிரும்.

தைப்பூசம் முடிஞ்சுது. ஸ்பெஷல் பஸ்ஸ நிறுத்திட்டாங்க. நானும் ஆபீஸ்ல உக்காந்த எடத்துல இருந்தே அந்தத் துண்ட உருவிட்டேன். நீக்கப்பட்டதுன்னு ஸ்கிரீன்லயே வந்துச்சு. கை தட்டறானுங்க பசங்க. அதுல ஒருத்தன் மட்டும் கை தட்டல. திருமூர்த்தின்னு பேரு. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், தங்கமான பையன், ஆனா சந்தேகப் பிராணி.

"சார், கடியாரத்துகிட்ட இனிக் கூப்புடாதேன்னு சொல்லிட்டமுங்களா?"ங்கறான்.

"துண்டையே உருவியாச்சு, அப்பறம் அது யாரப்பா கூப்புடறது?"

"இல்லீங்க சார், லிஸ்ட்டுலதான் பேரு போச்சு. கடியாரம் இன்னும் அதக் கையில புடிச்சுட்டுத்தான் இருக்குது. யாராச்சும் புடிச்சுட்டு இருக்கற வரைக்கும் அது போகாதுங்க. உருவறதுக்கு முன்னால, யாரு யாரு புடிச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணுமுங்க. இப்ப ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாப் போயிரும்."

ரீஸ்டார்ட்டுன்னா மிசின நிறுத்தி மறுபடி போடறதுங்க. யாருகிட்டப் பேசறான் பாத்தீங்களா? நான் கட்டுனதுல இருந்து அந்த மிசினு ஒரு நாளும் நின்னதில்ல. பெரிய ஊருக் காண்ட்ராக்ட் ஒண்ணு வர்றதா இருந்துச்சு. பாருங்க, வெச்ச நாள்ல இருந்து நிக்கவேயில்லைன்னு காட்டித்தான் மொதலாளி அத வாங்கறதா இருந்தாரு. அத நான் நிறுத்துவனா? அவனுக்கு மெயில்லயே போட்டேன், என் அனுமதி இல்லாம ரீஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு. சரிங்க சார்ன்னான். அந்தக் குணந்தாங்க அவன்கிட்ட எனக்குப் புடிச்சது.

பாருங்க, அந்தத் துண்டு போகலீங்க. ரேசன் கார்டுல பேர எடுத்துட்டாலும் ஆளு ஊட்லயே சோறு தின்னுட்டு உக்காந்திருக்கிறதில்ல? அந்த மாதிரி உள்ளயே இருந்துருக்குது. கடியாரம் கூப்புடக் கூப்புட அது பாட்டுக்கு எந்திரிச்சு, நாலாவது நடைமேடைன்னு சொல்லிட்டு மறுபடி படுத்துக்குது. வராத பஸ்ஸுக்கு. ஊர்ச்சனம் ரெண்டு நாள் ஏமாந்துட்டு அப்பறம் பழகிக்கிச்சு. அது பைத்தியம், சொல்லிட்டே கெடக்கும்னு உட்டுட்டாங்க. என்கிட்ட ஒருத்தனும் சொல்லல. இதுல என் தப்பு என்னங்க இருக்குது? கடியாரத்துக்கு அறிவு வேண்டாம்?

இது இதோட போயிருந்தா உங்ககிட்டச் சொல்லவே மாட்டேன். இது என் மக கல்யாணத்துல வந்து உளுந்துச்சுங்க.

எனக்கு ஒரே புள்ள. மேகலான்னு பேரு. காலேஜுல கணக்கு வாத்தியாரம்மா. அவளுக்கு ஒரு நல்ல எடம் பாத்துக் குடுத்துடணுங்கறது ஒண்ணுதாங்க எனக்கு வெசனம். வேற ஆசையே இல்ல. அவ பொறந்தன்னைக்கே, இவ கல்யாணத்துல நான் எப்புடி நிப்பேன், என்ன செய்வேன்னெல்லாம் நெனச்சுப் பாத்தவன் நானு. அப்புடித் தேடித் தேடிப் புடிச்சதுதான் பைப் கம்பெனி நாச்சிமுத்து ஊட்டுச் சம்பந்தம். பெரிய கையி. பையனும் பரவால்ல, மூக்கு மட்டும் கொஞ்சம் அப்புடி இப்புடி. மேகலாகிட்டப் போட்டோவக் காட்டுனேன். "அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா"ன்னா. எனக்கு அன்னைக்கு மீட்டிங். ராத்திரி சொல்லு சாமின்னுட்டுப் போயிட்டேன். ராத்திரி அவளும் சொல்லல, நானும் கேக்கல. புடிக்கலைன்னா சொல்லியிருப்பாளில்ல?

நிச்சயத்த சொந்த ஊர்லயே வெச்சுக்கலாம்னுட்டாங்க. ஞாயித்துக்கெழமை, ராகு காலத்துக்கு முன்னால முடிச்சிரணும். நாச்சிமுத்து, கார்ல வந்தர்றமுங்கன்னாரு. நாந்தான் வேண்டாம், பஸ்ல வாங்கன்னேன்.

ஏன் சிரிக்கறீங்க? கார்ல வந்தா மைக்க எப்புடிங்க கேப்பாங்க? என் மைக்கு இருக்கற அந்த பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறித்தான் எங்கூருக்கு வரணும். பொண்ணோட அப்பன் யாருன்னு சம்பந்திக்குத் தெரிய வேண்டாமா? "சம்பந்தி, மைக்குல என்ன சொல்லுதோ அதக் கேட்டு ஏறுங்க. அது நான் செஞ்சது, தப்பே வராது"ன்னேன். அந்த மனுசனும் நல்ல மனுசன். சரின்னு காரை உட்டுட்டு, ஒறம்பரை சனத்தையெல்லாம் கூட்டிட்டு, பழத்தட்டு, பூவு, பொடவைன்னு பொறப்பட்டு வந்துட்டாரு.

பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் போன் போட்டாரு. "சம்பந்தி, டவுன் பஸ் ஒண்ணு நிக்குது. ஆனா உங்க மைக்கு, ஸ்பெஷல் இன்னும் சித்த நேரத்துல கெளம்பும்ங்குது. எதுல ஏறறதுங்க?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சுங்க. ஸ்பெஷல் ஏது? உருவி எறிஞ்சது எப்புடிப் பேசும்? அப்பத்தான் திருமூர்த்தி சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க, தப்பே வராதுன்னு சொன்ன வாயால, அது பொய் சொல்லுது சம்பந்தி, கேக்காதீங்கன்னு எப்புடிங்க சொல்றது? பொண்ணு குடுக்கப் போற எடமுங்க. கவுரவம்னு ஒண்ணு இருக்குதில்ல?

"மைக்குல சொல்லுதில்லீங்க? அப்ப வரும், நில்லுங்க"ன்னுட்டேன்.

ஒடனே திருமூர்த்தியக் கூப்புட்டேன். அவன் அன்னைக்கு அந்த ஊருலதான் இருந்தான். "சார், ரீஸ்டார்ட் பண்ணட்டுங்களா? ஒரு நிமிச வேலை"ங்கறான். தொடாதேன்னேன். மறுநாளுதான் பெரிய காண்ட்ராக்ட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. அன்னைக்கா நிறுத்துவேன்? "அப்ப நான் என்னங்க சார் பண்ணட்டும்?"னான். "போய் அவிங்க கூட நில்லு, காப்பி வாங்கிக் குடு, கோவிச்சுட்டுப் போயிராமப் பாத்துக்கோ. அதுக்குள்ள நான் இங்கிருந்து ஒரு வேனு தாட்டி உடறேன். அதையே ஸ்பெஷல்னு சொல்லி ஏத்தி அனுப்பிரு"ன்னேன். எப்புடி ரோசனை? மைக்கும் பொய்யாகாது, சம்பந்தியும் வந்து சேந்துருவாரு.

பையன் போயி நின்னானுங்க. என்னா விசுவாசம்ங்கறீங்க! டவுன் பஸ் வர்றப்பெல்லாம் அவிங்க ஏறப் போவாங்க. இவன் ஓடிப் போய், "சார் சொல்லியிருக்காருங்க, ஸ்பெஷல் வரும், நில்லுங்க"ன்னு தடுத்து நிறுத்திருவான். காப்பி, பஜ்ஜி, குடிக்கத் தண்ணி, பெருசுகளுக்குச் சேரு. நாச்சிமுத்துவோட அக்கா ஒருத்தி கொமட்டுதுன்னுச்சாம், அதுக்கு எலுமிச்சம்பழங்கூட வாங்கிக் குடுத்திருக்கான். வேன்காரன் வழில டயர் பஞ்சராகி நின்னுட்டான். கால் மணிக்கு ஒருக்கா என் மைக்கு, இன்னும் சிறிது நேரத்தில்ங்குது. இவன், "கேட்டீங்களா, வருதுங்க"ங்கறான். டவுன் பஸ் ஒண்ணொண்ணா போகுது. கடைசில ராகு காலமே வந்திருச்சுங்க.

இங்க ஊட்ல பந்தல், மாக்கோலம், பலகாரத்துக்குக் கச்சாயம் சுட்டு அடுக்கி வெச்சிருக்குது, ஊரே வந்து உக்காந்திருக்குது. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறேன். மேகலா என்ன பண்ணுனாங்கறீங்க? பட்டுகூடக் கட்டல. வந்தப்பறம் கட்டிக்கறேன்னு, போனப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. ராகு காலம் பொறந்துருச்சுன்னு சொன்னதும் பாவம், துக்கத்துல நாலு கச்சாயம் தின்னா. புள்ளைக்கு எவ்வளவு வேதனை இருந்துருக்கும் பாருங்க. எங்கூட்டுக்காரம்மா ருக்மணி வேற திரும்பி நின்னுக்கிட்டா, முகத்தையே காட்டல. அழுதுருப்பா.

நாச்சிமுத்து போன் போட்டாரு. அவரு சொன்னத அப்புடியே சொல்றேனுங்க. "வராத பஸ்ஸ வருதுன்னு சொல்ற ஊட்ல பொண்ணெடுத்தா, நாளைக்கு இல்லாத ஊட்ட இருக்குதும்பீங்க. எங்களுக்கு வேண்டாஞ் சாமி. அந்தப் பையன் மட்டும் இல்லீன்னா நாங்க பட்டினில செத்துருப்போம். அவனையாச்சும் நல்லா வெச்சிருங்க"ன்னுட்டு வெச்சிட்டாரு. பஸ்ஸுக்கு நிக்கத் தெரியாத மனுசனுக்கு என் பொண்ண எப்புடிங்க குடுக்கறது? போனது நல்லதுக்குத்தான்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி படுக்கைல அழுதேனுங்க. பொண்ணப் பெத்தவனுக்குத்தான் அது தெரியும்.

ஆபீஸ்லயும் கெரகம் உடலீங்க. மறுநாளு காண்ட்ராக்ட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறப்ப, நாலாவது நடைமேடைன்னுச்சு. அவிங்க போய்ப் பாத்தா, அங்க ஒரு மாடு படுத்திருக்குது. மொதலாளி என்னைய ஆலோசகர்ன்னு ஒசத்திட்டாரு. தனி ரூமு, தனி ஃபேனு. ஒருத்தரும் தொந்தரவு பண்றதில்ல, போனுகூட வர்றதில்ல, அவ்வளவு மரியாதை. அன்னாடம் பாக்கற வேலைய மட்டும் திருமூர்த்திகிட்டக் குடுத்துட்டாங்க. அவன் மொத வேலையா மிசின நிறுத்தி மறுபடி போட்டான். ஸ்பெஷல் போயிருச்சு. அது யாரு வேணா பண்ணலாமுங்க, அதுல என்ன கெட்டிக்காரத்தனம்?

ஆனா பையன் மேல எனக்குக் கோவமே வராது. நிச்சயம் நின்னதுக்கப்பறம் அவன்தாங்க எங்கூட்டுக்குத் தொணை. வாரத்துக்கு ரெண்டு நாள் வருவான். மேகலாவோட லேப்டாப்புக்கு என்ன வியாதியோ, அவன் வந்தாத்தான் சரியாகுது. ருக்மணி அவனுக்குன்னு தனியா அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவா, நெய்ய அள்ளி ஊத்துவா. எனக்குக் கொலஸ்ட்ராலுன்னு வெறுஞ்சோறு.

போன மாசம் அவனோட அம்மாவக் கூட்டிட்டு வந்தான். வெத்தல, பாக்கு, பழம், பூவு எல்லாந் தட்டுல வெச்சு நீட்டறான். "கல்யாணம் வெச்சிருக்கேனுங்க சார். எளிமையா, கோயில்ல. பத்திரிகைகூட அடிக்கல. நீங்க கட்டாயம் வரணும்"னு கால்ல உளுந்தான். ஆர்க்கிடெக்ட்டா இருந்தா இப்புடி இருக்கணுமுங்க, வேலை போனாலும் மரியாதை போகல. இல்லீங்க, வேலை போகல, ஆலோசகருன்னேனில்ல. அவன் உளுந்ததப் பாத்து மேகலாவும் பக்கத்துல வந்து உளுந்தா. நல்ல புத்தி. அப்பன் ஆசீர்வாதம் யாருக்கும் வேணுமில்ல? "நல்லா இருங்க, நூறு வருசம் நல்லா இருங்க"ன்னேன்.

"பொண்ணு யாருப்பா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதாங்க சார்"னு சொல்லிட்டு மேல ஏதோ சொல்ல வந்தான். அதுக்குள்ள எனக்கு ஒரு போன். நெம்ப நாளைக்கப்பறம் வந்த போனுங்க, எடுக்காம இருக்க முடியுமா? வாசலுக்குப் போயிப் பேசுனேன். லேகியக்காரன். மறுபடியும் மைக்கு நின்னுருச்சு, ரீஸ்டார்ட்டுன்னு என்னமோ பண்ணிட்டாங்கன்னு அழுவறான். நிறுத்தாம மாத்தறது எப்புடின்னு அவனுக்கு நல்லா வெவரமா எடுத்துச் சொன்னேன். உள்ள வந்து பாத்தா எல்லாருங் கண்ணத் தொடச்சுட்டு இருக்கறாங்க. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா ருக்மணி. நீங்க எதையும் போட்டுக் கொழப்பாம இருந்தாச் சரின்னா.

அன்னைல இருந்து ஊடே கல்யாண ஊடு மாதிரி இருக்குதுங்க. நகைக்கடைங்கறாங்க, தையக்காரன்ங்கறாங்க. யாருக்குன்னா, கல்யாணத்துக்குப் போகணுமில்லங்கறாங்க. ருக்மணியும் மேகலாவும் முந்தாநாளே போயிட்டாங்க. அந்தப் பையனுக்கு அப்பன் இல்ல, ஒத்தாசைக்கு ஆளு வேணுமாம். நீங்க நேரத்துக்கு வந்தாப் போதும்னுட்டாங்க. நான் வந்தாலும் அங்க என்ன வேலைங்க? மொத வரிசைல உக்காந்து சாப்புட்டு வர வேண்டியதுதான்.

என்னுங்க, ஏன் அப்புடிப் பாக்கறீங்க? நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா? ஜன்னலு வேணா சாத்தட்டுங்களா?

சித்த இருங்க, தண்ணி பாட்டல எடுத்துக்கறேன். இந்தப் பைய ருக்மணி கட்டி வெச்சுட்டுப் போனது. நான் தொறந்துகூடப் பாக்கல. இதென்னுங்க, பட்டு வேட்டி? துண்டு, சரிகை போட்டது. அடியில ஏதோ கனமா... பித்தளைச் சொம்பு. சாப்புட்டு வர்றவனுக்கு இதெதுக்குங்க? போற அவசரத்துல பைய மாத்தி வெச்சுட்டா போலிருக்குது. இருங்க, போன் போட்டே கேட்டர்றேன்.

ருக்மணி... பஸ்லதான் வந்துட்டு இருக்கேன்... ஆமா, டிரைவரையே கேட்டுட்டு ஏறுனேன்... ஏன், பட்டு வேட்டி எதுக்கு?... கட்டிட்டு வர்றதா?... ஏன், சத்தமா இருக்குது, யாரு அழுவறது?... மேகலாவா? அவ ஏன் அழுவறா?... நானா? இன்னும் அரை மணி ஆகும்... அதுக்குள்ள நேரம் போயிருமே, நீங்க நடத்துங்க... என்னது?... சரி. சரி சரி. வெச்சர்றேன்.

கேட்டீங்களா? அய்யருகிட்டச் சொல்லி அடுத்த நல்ல நேரத்துக்கு மாத்திட்டாங்களாம். பொண்ணு ஒரே புடியா நிக்குதாம், மருதாசலம் வந்தாத்தான் மணவறைல உக்காருவேன், இல்லீன்னா எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு. பையனும் அதேதானாம். அத்தன சனமும் எனக்காக நிக்குதாம். இதுதாங்க நான் சம்பாரிச்சது. ஆர்க்கிடெக்ட்டுன்னா சும்மாவா?

ஏனுங்க...

கொஞ்சம் நவுந்து உக்காருங்க, காத்து வரல. இந்தச் சொம்புல தண்ணி ஊத்தித்தானுங்க பொண்ணத் தாரை வார்ப்பாங்க?

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர், கொஞ்சம் வெசையாப் போகச் சொல்லுங்க.